நிட்மிலுக்: மண்கூட்டிலிருந்து எட்டிப் பார்த்த தலை

கடைசியில் கிடைத்துவிட்டது! ஆஸ்திரேலியாவின் வடக்கே நிட்மிலுக் தேசியப் பூங்காவில் இரண்டு சீசனாக வெறும் கூடுகளை மட்டும் படமெடுத்துக்கொண்டு டார்வினுக்குத் திரும்பியவன் நான். போன சனிக்கிழமை இரண்டாம் கார்ஜில் (செங்குத்துப் பாறைகளுக்கு இடையிலான ஆற்றுப் பள்ளத்தாக்கு), கூட்டின் வாயிலிருந்து எட்டிப் பார்த்த ஃபேரி மார்ட்டின் என்ற சின்னப் பறவையின் கண் அப்படியே கூர்மையாக விழுந்திருக்கிறது.

கேத்தரின் ஆறு மணற்பாறையை அறுத்து உண்டாக்கிய 13 கார்ஜ்களில் நான் இன்னும் மூன்றைத் தாண்டியதில்லை. இந்தக் கூடுகள் என்னை விட்டால்தானே! முன்னால் துருத்தி நிற்கும் பாறைக்கு அடியில் வாய் நீண்ட மண்குடுவைகளை நெருக்கி ஒட்டிவைத்தது போல இருக்கும். அலகில் கொண்டுவந்த ஒவ்வொரு மண் உருண்டையும் தனித்தனியாகத் தெரியும்.

சிக்கல் ஃபோகஸில்தான். பறவையின் தலை செங்காவி, கூடும் ஏறக்குறைய அதே நிறம், மேலே நிழல், கீழே ஆடும் கனூ என்ற துடுப்புப் படகு. ஆட்டோஃபோகஸ் ஒவ்வொரு தடவையும் கூட்டின் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டு, தலையை விட்டுவிடும். மணல் திட்டில் இறங்கி முக்காலி போடலாம் என்றால் நன்னீர் முதலைகள் முட்டையிடும் காலம், இறங்கக் கூடாது என்று பலகையே வைத்திருக்கிறார்கள், அது நியாயம்தான். இந்தத் தடவை பின்னால் உட்கார்ந்த நண்பன் துடுப்பைப் பாறை இடுக்கில் ஊன்றிக் கனூவை நிறுத்திப் பிடித்தான். நான் கூட்டு வாயின் விளிம்பில் மேனுவலாக ஃபோகஸ் வைத்துவிட்டு, கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். 400 எம்எம் லென்ஸ், ஷட்டர் வேகம் 1/1600 நொடி, ஐஎஸ்ஓ 3200. நாற்பது நிமிடத்துக்கு ஒன்றும் இல்லை. அப்புறம் எதிர்ச்சுவரில் வெயில் ஏறி, அதன் ஒளி தண்ணீரில் பட்டு கூரைக்கு அடியில் அலை அலையாக ஆடத் தொடங்கியபோது ஒரு தலை வந்தது.

கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை மட்டும் ஆட்டோவில் விடாதீர்கள். சிவந்த பாறையின் ஒளி பட்டு வெள்ளைத் தொண்டை மாம்பழ நிறமாகிவிடுகிறது. நிறத்தைப் பின்னால் திருத்த இடம் தரும் ரா ஃபைல் இருந்ததால் தப்பித்தேன்.

தண்ணீர் புகாத பை ஒன்று டார்வினில் வாங்கியது, இரண்டே பயணத்தில் தையல் விட்டுவிட்டது. சுருட்டி மூடுகிற, ஓரம் வெப்பத்தில் ஒட்டிய பையாகப் பார்த்து வாங்குங்கள், பத்து டாலர் கூடப் போனாலும் பரவாயில்லை.

அடுத்து பைன் க்ரீக் என்ற ஊர், கரையான் புற்றுக்குள் முட்டையிடும் ஹூடட் கிளிகளுக்காக. ஆனால் அதற்கு முன்னால் அலகில் ஈரமண்ணோடு கூட்டுக்குப் பறந்து வரும் படம் ஒன்று வேண்டும், அதற்கு இன்னொரு நாள் கனூ எடுத்தாக வேண்டும். நண்பனிடம் சொல்லிவிட்டேன், துடுப்போடு தயாராக இருக்கிறான்.