தம்பிக்கு மணியார்டர்

10 ஜூன் 2024, திங்கள்

தம்பி புழலுக்குப் போய் இன்றோடு பத்தொன்பது நாட்கள் ஆகின்றன. பள்ளி திறந்த முதல் நாள் என்பதால் மாலையில்தான் நேரம் கிடைத்தது. அஞ்சலகம் மூடுவதற்குள் ஓடிப் போய், முதன்முறையாக அவனுக்குப் பணம் அனுப்பினேன். படிவத்தில் 'மத்திய சிறை - 2, புழல்' என்று எழுதும்போது, பின்னால் நின்றவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று இடது கையால் மறைத்துக்கொண்டேன். 1,000 ரூபாய்க்குக் கமிஷன் 50 ரூபாய். ஒரு மணியார்டரில் 5,000 ரூபாய் வரை அனுப்பலாம் என்று எழுத்தர் சொன்னார். அந்த அளவுக்கு எங்களிடம் இல்லை.

பணத்தை அவன் கையில் கொடுப்பார்களா என்று அம்மா கேட்டார். கொடுக்க மாட்டார்கள். அவன் பெயரில் உள்ளே ஒரு கணக்கு இருக்கும், 'பி.பி.சி.' என்று அதைச் சொல்கிறார்கள். வரும் தொகையை அதில் வரவு வைத்து, சிறை கேன்டீனில் அவன் வாங்கும் சோப்பு, பிஸ்கட் போன்றவற்றின் விலையை அதிலிருந்து கழிப்பார்கள். தண்டனை பெற்றவர்கள் உள்ளே வேலை செய்தால் கூலி உண்டு. தம்பி விசாரணைக் கைதி. அவனை வேலை செய்யச் சொல்வதும் இல்லை, அவனுக்குக் கூலியும் இல்லை. வீட்டிலிருந்து போவதுதான் அவனுக்கு எல்லாம்.

13 ஜூன், வியாழன்

சட்ட உதவி மையம் வழியாக வழக்கறிஞர் கிடைத்திருக்கிறார், கட்டணம் இல்லை. காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இந்த உதவி உண்டு என்பதை இன்றுதான் தெரிந்துகொண்டேன். வக்கீலுக்கு என்று எடுத்து வைத்திருந்த தொகையில் ஒரு பகுதியை இனி மாதாமாதம் தம்பிக்கு அனுப்பலாம்.

19 ஜூன், புதன்

மணியார்டர் திரும்பி வந்துவிட்டது. தவறு என்னுடையது. வழக்கு ஆவணத்தில் அப்பாவின் பெயரையும் சேர்த்து எழுதப்பட்டிருக்கும் அவன் பெயரை, வீட்டில் அழைக்கும் வடிவத்தில் எழுதியிருந்தேன். சிறைவாசி எண்ணையும் குறிப்பிடவில்லை. ஒரே பெயரில் எத்தனையோ பேர் இருக்கும் இடத்தில், எண் இல்லாமல் யார் கணக்கில் வரவு வைப்பார்கள்? ஆயிரம் திரும்பியது, கமிஷன் திரும்பாது. ஐம்பது ரூபாய் போனதைவிட, இந்த ஒன்பது நாட்களும் அக்கா ஒன்றும் அனுப்பவில்லை என்று அவன் நினைத்திருப்பானே என்பதுதான் என்னை அறுக்கிறது.

20 ஜூன், வியாழன்

பள்ளியில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவோடு மனு பார்க்கப் போனேன்; சிறையில் இருப்பவரை நேரில் சந்திப்பதை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது 2021-லிருந்து எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, செங்குன்றம் சாலையில் இறங்கும் பெண்களின் கூட்டத்தைப் பார்த்தால் தெரியும். பழைய ஜெயில் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்திலேயே இருந்ததை அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். 2006-ல் புழலுக்கு மாற்றி, 2009-ல் அதை இடித்துவிட்டார்கள். இருந்திருந்தால் நாங்கள் இருக்கும் சூளையிலிருந்து நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பாராம்.

தம்பி மெலிந்திருந்தான். "பக்கத்துல இருக்கிறவர்கிட்ட சோப்பு கடன் வாங்கினேன்க்கா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். திரும்பும் வழியிலேயே அஞ்சலகத்தில் இறங்கி, அந்த எண்ணோடு மறுபடியும் 1,000 ரூபாய் அனுப்பினேன்.

26 ஜூன், புதன்

அம்மாவின் போனுக்கு யாரோ ஒருவர் பேசியிருக்கிறார். தம்பிக்கு உள்ளே வசதி செய்து தருவதாகவும், 3,000 ரூபாயை ஒரு எண்ணுக்கு கூகுள் பே செய்தால் போதும் என்றும் சொல்லியிருக்கிறார். நான் வீடு திரும்பியபோது அம்மா தோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அடகுக் கடைக்குப் புறப்பட நின்றிருந்தார்.

அம்மாவிடம் நான் குரலை உயர்த்தியது இதுவே முதல்முறை. ரசீது இல்லாத பணம் அவனிடம் போய்ச் சேர்ந்ததா என்று யாரிடம் கேட்பது? போய்ச் சேர்ந்தாலும் ஆபத்துதான். உள்ளே ரொக்கம் வைத்திருக்கக் கூடாது; விதி தடுக்கும் பொருளைச் சிறைக்குள் கொண்டுபோவதை 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டமே குற்றம் என்கிறது. அகப்பட்டால் பணம் வாங்கிய ஆள் தப்பித்துக்கொள்வார். ஜாமீனுக்குக் காத்திருக்கும் தம்பிதான் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அவனுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்று மட்டும் அம்மா கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருவரும் சாப்பிடாமல் படுத்தோம். அந்த எண்ணை வழக்கறிஞருக்கு அனுப்பி, விவரத்தையும் எழுதியிருக்கிறேன்.

4 ஜூலை, வியாழன்

பணம் வந்து சேர்ந்துவிட்டது! மனுவில் பார்த்தவுடன் தம்பி அதைத்தான் முதலில் சொன்னான். போன் விஷயம் அவனுக்குத் தெரியவே தெரியாது. தன் பெயரைச் சொல்லி யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் இரண்டு முறை சொன்னான். சோப்பு, பற்பசை, ரொட்டி வாங்கியது போக இன்னும் 690 ரூபாய் இருக்கிறதாம். கடன் வாங்கிய சோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகம் பழைய முகமாக இருந்தது. அடுத்த மாதம் 700 ரூபாய் போதும் என்கிறான்.

அவனோடு இருக்கும் ஒரு பையனுக்கு மனு பார்க்க யாரும் வருவதில்லையாம்; பணமும் வருவதில்லை. கேன்டீன் நாளில் அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான் என்றும், தன் பிஸ்கட்டில் பாதியை அவனுக்குக் கொடுப்பதாகவும் தம்பி சொன்னான்.

இரவு கணக்குப் போட்டேன். தம்பிக்கு 700, கமிஷன் 35. வாடகை, அம்மாவின் மாத்திரை, பால் எல்லாம் போக மிஞ்சுவது அதிகமில்லை என்று அம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். அம்மா நோட்டைப் பார்க்கவில்லை. அடுத்த மனுவில் அந்தப் பையனின் முழுப் பெயரையும் எண்ணையும் மறக்காமல் கேட்டு எழுதிக்கொள்ளச் சொன்னார்.