ஓர் உருவத்தை நிற்க வைத்தல்

புதிய ஆக்‌ஷன் ஃபிகர் ஒன்றை, அதாவது மூட்டுகளை அசைத்து நிற்க வைக்கும் பொம்மை உருவத்தை, பெட்டியிலிருந்து எடுத்தவுடன் நான் முதலில் பார்ப்பது முகத்தையோ வண்ணப்பூச்சையோ அல்ல, கணுக்காலைத்தான். அது முன்பின்னாக மடங்குவதோடு பக்கவாட்டிலும் சாயுமானால், கால்களை எவ்வளவு அகல விரித்தாலும் பாதம் முழுவதும் தரையில் படியும்; சாயாவிட்டால், மிக அழகான உருவமும் பாதத்தின் விளிம்பில் நின்று தள்ளாடும். சேகரிப்பதை விட நிற்க வைப்பதே இந்தப் பொழுதுபோக்கின் உயிர் என்று நான் நம்புவதால், என் கண் அங்கேதான் போகிறது.

1964இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஏறத்தாழ 12 அங்குல உயரமுள்ள ஜி.ஐ. ஜோ என்ற படைவீரன் உருவத்தை வெளியிட்டபோது, சிறுவர்கள் பொம்மை என்றால் தொடமாட்டார்கள் என்று கருதியே 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற பெயரைச் சூட்டியது. 1978இல் கடைகளுக்கு வந்த கென்னர் நிறுவனத்தின் ஸ்டார் வார்ஸ் திரைப்பட உருவங்கள் 3¾ அங்குல உயரமே கொண்டவை. அவற்றில் பெரும்பாலானவை கழுத்து, இரு தோள்கள், இரு இடுப்பு மூட்டுகள் ஆகிய ஐந்து இடங்களில் மட்டும் அசைந்தன. இன்றைய 6 அங்குல உருவங்களிலோ இரண்டு இடங்களில் மடங்கும் முழங்கை, எல்லாப் பக்கமும் சுழலும் பந்து மூட்டு, மார்புக்குள் மடங்கும் தோள் என முப்பதுக்கும் மேற்பட்ட அசைவுகள் இருப்பது அரிதன்று.

அசைவுகள் கூடியதும் பலர் செய்யும் பிழை, எல்லா மூட்டுகளையும் ஒரே நேரத்தில் வளைத்துவிடுவது. ஒரு காலில் எடையை ஊன்றி உடலை இலேசாக ஒசித்து நிற்பதைச் சிற்பக்கலையில் ஆபங்கம் என்பர். கழுத்து, இடை, முழங்கால் ஆகிய மூன்று இடங்களில் வளைந்தால் அது திரிபங்கம். இந்த வேறுபாட்டை உணர்ந்த பிறகு, என் அலமாரியே மாறிப்போனது. முதலில் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று முடிவு செய்து, அந்தப் பக்கத்து இடுப்பைச் சற்று உயர்த்தி, அதே பக்கத்துத் தோளைத் தாழ்த்தி, கடைசியாகத் தலையைத் திருப்புகிறேன். பார்வை எதன்மீதாவது பதிய வேண்டும். வெறுமனே முன்னால் பார்க்கும் உருவம், எவ்வளவு ஆவேசமாகக் கையை ஓங்கினாலும் உயிர் பெறுவதில்லை.

இறுகிய மூட்டை வலிந்து திருப்பக் கூடாது. அவசரத்தில் ஒரு முழங்கையைத் திருகி, உள்ளிருந்த இணைப்பு முளையை முறித்த அன்று நான் பட்ட வருத்தம் இன்னும் மறக்கவில்லை. வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் பிவிசி என்னும் பிளாஸ்டிக் இளகி, மூட்டு தானாகவே வழிவிடும். அதே இளக்கம்தான் வெப்பமான அறையில் பகையாகவும் மாறுகிறது: மென்மையான கணுக்கால்கள் மாதக்கணக்கில் எடையைத் தாங்கி மெல்ல வளைய, உருவம் முன்னோக்கிச் சாய்கிறது. பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கப்படும் பொருள் நாளடைவில் மேற்பரப்புக்குக் கசிந்து பிசுபிசுப்பதும் உண்டு. காற்றோட்டமின்றி மூடிய பெட்டிக்குள் இருப்பவையும் இதற்குத் தப்புவதில்லை. மிதமான சோப்பு நீரால் கழுவி நன்றாக உலர்த்தினால் பிசுபிசுப்பு நீங்கும். வெயில் படாத சுவரோரமும் எல்இடி விளக்கும் வெள்ளைப் பகுதிகள் மஞ்சளாவதைப் பெரிதும் தள்ளிப்போடுகின்றன.

என்னிடம் ஐந்தே அசைவுகள் கொண்ட 3¾ அங்குலப் பழைய உருவம் ஒன்று உண்டு. 6 அங்குல உருவங்களின் அருகே வைத்தால் குழந்தை போலத் தோன்றுகிறது என்பதால், நெடுநாள் அதை இழுப்பறையிலேயே வைத்திருந்தேன். சென்ற வாரம் அக்ரிலிக் படிகளை மாற்றி அடுக்கியபோது, எல்லாவற்றுக்கும் பின்னால், மிக உயர்ந்த படியில் அதை நிறுத்தினேன். சிறிய உருவம் இப்போது தொலைவில் நிற்பவனாகத் தெரிந்தது. வளையத் தெரியாத அந்த நேரான நிற்பை மாற்றாமல், முன்வரிசையில் இருந்த மூவரின் தலைகளை மட்டும் அவன் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.