பெருங்களத்தூர் சொந்தமுள்ள ஒரு ஸ்பிட்ஃபயர்

திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் வார இறுதியில் பழைய கார்களுக்கென்று நேரம் ஒதுக்கப்படும்போது, நான் ஓட்டுவது என் பெரியப்பா விட்டுச்சென்ற ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1962இல் இங்கிலாந்தில் அறிமுகமான முதல் வகையைச் சேர்ந்த, 1147 சிசி எஞ்சினும் 63 குதிரைத்திறனும் கொண்ட இரண்டு இருக்கை வண்டி அது. வேகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், அலுவலகத்துக்குப் போய்வரும் இன்றைய ஸ்விஃப்ட் ஒன்றே அதை எளிதாகத் தாண்டிவிடும் என்பதால், இதில் என்ன பந்தயம் என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஆனால் இதை ஒழுங்காக ஒரு சுற்று ஓட்டி முடிக்கத் தேவைப்படும் கவனம் ஸ்விஃப்டுக்குத் தேவைப்படாது. அதற்கான காரணம் பின்சக்கரங்களில் இருக்கிறது. அதைச் சொல்லும் முன், இந்த வண்டி சென்னைக்கு எப்படி உறவு என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஸ்பிட்ஃபயர் இந்தியாவில் தயாரிக்கப்பட்டதல்ல. எனினும் அது அதே நிறுவனத்தின் குடும்பக் காரான ட்ரயம்ஃப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி அதன்மேல் கட்டப்பட்ட வண்டி. இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிச்செலோட்டி. அந்த ஹெரால்டுதான் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில், 948 சிசி எஞ்சினுடன், நம் பெருங்களத்தூர் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. பின்னாளில் அதற்கு நான்கு கதவு வைத்த வகையும் இங்கே வந்தது. இங்கிலாந்துக்காரர்கள் அப்படியொன்றைச் செய்யவே இல்லை. இந்தச் சொந்தத்தால் எனக்குக் கிடைக்கும் பலன் மிகவும் நடைமுறையானது: முன்சக்கரத் தொங்கலின் (சஸ்பென்ஷனின்) பல பாகங்கள் ஹெரால்டின் பாகங்களோடு ஒத்துப்போவதால், சென்னையின் பழைய வாகனப் பாகங்கள் சந்தையான புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடினால் ஏதாவது ஒரு கடையின் பின்கட்டில் இன்னும் அகப்படுகின்றன.

வண்டியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் இளம் வயதில் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை, டிரன்னியன் எனப்படும் வெண்கலத் துண்டுக்குள் மரை போலத் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையின் மேல்தான் சக்கரம் திரும்புகிறது. அங்கே கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும் என்பது அவருடைய முதல் கட்டளை. கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடித்தால் தண்டு ஒருநாள் முறிந்து சக்கரம் மடிந்துவிடும். “மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி, அந்த எண்ணெய மட்டும் நிறுத்தாதீங்க” என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்.

இனி பின்சக்கரங்கள். இந்த வண்டியில் அவற்றை இணைக்கும் ஒரே உறுதியான அச்சு கிடையாது. எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் இருபுறமும் இரண்டு அரை அச்சுகள் கிளம்பி, உள்முனையில் மட்டும் மடங்கும் மூட்டுடன், குறுக்கே கிடக்கும் ஒரே பட்டை ஸ்பிரிங்கின் கீழ் ஊசலாடுகின்றன. நேர்ச்சாலையில் இதனால் குறை ஒன்றும் தெரியாது. வளைவின் நடுவே, பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், எடை முன்னால் சாய்ந்து வண்டியின் பின்பகுதி மேலே எழும்புகிறது. எழும்பியதும் வெளிப்பக்கச் சக்கரத்தின் அடிப்பாகம் உள்நோக்கி மடிந்து, டயர் தன் ஓரத்தின்மேல் மட்டும் நிற்கத் தொடங்குகிறது. பிடிப்பு போன அந்த நொடியில் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கிறது. ஆகவே பிரேக் பிடிப்பதெல்லாம் வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். அதன்பின் வளைவு முழுவதும் காலைச் சீராக வைத்திருக்க வேண்டும். வேகம் கூடிவிட்டதாகத் தோன்றினாலும் காலை எடுக்காமலிருப்பதுதான் பாதுகாப்பு என்பதை அறிவு ஒப்புக்கொள்ளும், உடம்பு ஒப்புக்கொள்ளாது.

1990இல் திறக்கப்பட்ட இத்தடத்தின் முழுச் சுற்று 3.717 கிலோமீட்டர்; அதில் 12 வளைவுகள். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயங்கள் நடந்த நாட்களைக் கண்டவர்கள், அங்கே நீண்ட நேர்பாதைகளில் எஞ்சினின் பலமே பெரும்பாலும் பேசியது என்பார்கள். இங்கே ஒரு வளைவின் முடிவு அடுத்ததன் தொடக்கத்தோடு ஒட்டிவருவதால், 63 குதிரைத்திறன் வண்டிக்கும் செய்ய ஏதோ இருக்கிறது. எனக்கு இது வசதியாக அமைந்துவிட்டது என்பதை மறைப்பானேன்.

வசதியில்லாதது வெயில். இந்த எஞ்சினில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களும் சூடான புகைக்குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. ஓடும்வரை காற்று குளிர்விக்கிறது. வரிசையில் நிறுத்திக் காத்திருக்கும்போது பெட்ரோல் அங்கேயே ஆவியாகத் தொடங்கி எஞ்சின் தடுமாறும். இடையில் ஒரு தகட்டை வைத்துச் சூட்டைத் தடுத்திருக்கிறோம். வண்டி நின்றதும், முன்பக்கம் முழுவதையும் ஒரே துண்டாகத் தூக்கித் திறந்து வைத்துவிடுவேன். அப்போது ஹெல்மெட் போட்ட இளைஞர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்க்க வருவது ஒரு தனிச் சுகம்.

தற்போது எங்களுக்குள் ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. வளைவில் உள்நோக்கி மடியும் பின்சக்கரத்தின் கோளாறுக்கு, ஸ்பிரிங்கின் பெரும்பாலான பட்டைகள் நடுவில் ஊசலாடும்படி மாற்றி, 1970இல் வந்த நான்காம் வகையில் நிறுவனமே தீர்வு கண்டுவிட்டது. அதையே வாங்கிப் பொருத்தலாம் என்கிறேன் நான். அதில் வண்டி வளைவில் அதிகமாகச் சாயும், ஆகவே இப்போதிருக்கும் ஸ்பிரிங்கையே கழற்றி வளைவைக் குறைத்துப் பின்பக்கத்தைத் தாழ்த்தினால் போதும் என்கிறார் பெரியவர். மழைக்காலம் தொடங்கித் தடத்துக்குப் போவது நின்றதும் முதலில் அவர் சொன்னபடி செய்து பார்ப்பதாக இருக்கிறோம், கூலியும் குறைவு.