எண்ணிவைத்த 730 அடிகள்

நாவல் வகுப்பு எடுப்பவர்களுக்குத் தீராத தலைவலி ஒன்று உண்டு. கதாபாத்திரத்தின் ஆழ்மனம் என்று பேச்செடுத்த மாத்திரத்தில் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டு நடுவே வந்து உட்கார்ந்துவிடுவார். 'அடக்கப்பட்ட ஆசை' என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அவருடைய கனவு ஆராய்ச்சி நூல் தாங்கியிருக்கும் ஆண்டு 1900. தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவல் 1866-லேயே வந்துவிட்டது. கோட்பாட்டைப் பரணில் போட்டுவிட்டுப் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு ஒரு வழி: தாளின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் பாத்திரம் செய்ததை எழுதச் சொல்கிறோம். வலப்பக்கம், அதற்கு அந்தப் பாத்திரமே சொல்லிக்கொள்ளும் காரணம். வலப்பக்கம் காலியாகவோ நொண்டிச் சாக்காகவோ நிற்கும் வரிகளில்தான் சரக்கு இருக்கிறது.

'குற்றமும் தண்டனையும்' நாயகன் ரஸ்கோல்னிகவ் முதல் அத்தியாயத்திலேயே மாட்டிக்கொள்கிறான். தன் வீட்டு வாசலிலிருந்து அடகுக்காரக் கிழவியின் வீடு சரியாக 730 காலடி என்பது அவனுக்குத் தெரியும். எண்ணிய நாளில் அவளைக் கொல்லும் திட்டத்தை அவனே நம்பவில்லை. நம்பாதவன் எதற்கு எண்ணினான்? ஐந்தாம் அத்தியாயத்தில் இன்னொன்று. குதிரையை அடித்துக் கொல்லும் கனவு கண்டு, அலறி எழுந்து, எண்ணத்தையே கைவிட்டு நிம்மதியாகிறான். பிறகு வீடு திரும்பும்போது தேவையே இல்லாமல் சந்தை வழியாகச் சுற்றிப் போகிறான். மறுநாள் மாலை 7 மணிக்குக் கிழவி தனியாக இருப்பாள் என்பது அங்கேதான் காதில் விழுகிறது. 'விதி' என்று மாணவர்கள் எழுதுவார்கள். அவனும் பின்னால் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறான். ஆகவே அது வலப்பக்கத்துக்குப் போக வேண்டியது. பேச்சு காதில் விழுந்தது ஆசிரியர் செய்த ஏற்பாடு. சுற்றுவழியில் திரும்பிய கால் அவனுடையது. இந்த இரண்டையும் குழப்பினால் எல்லாமே குறியீடாகிவிடும்.

எல்லாக் கனவையும் இந்தத் தாளில் ஏற்ற முடியாது. கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் சொல்லும் கனா வரப்போவதை அறிவிப்பது. அதில் ஒளிந்த காரணத்தைத் தோண்டுவது வீண்.

உள்ளுணர்வுக்குச் சோதனை வேறு: தகவல் ஏற்கெனவே பாத்திரத்தின் கையில் இருந்ததா? டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா'வில் வரும் நடன விருந்தில், தான் விரும்பும் விரோன்ஸ்கி அன்னாவிடம் மயங்கிவிட்டதை இளம்பெண் கிட்டி யாரையும் விசாரிக்காமலே புரிந்துகொள்கிறாள். அன்னாவின் கண்ணில் துள்ளும் ஒளியும் அந்தச் சிரிப்பும் வெற்றிக் களிப்பின் அடையாளங்கள் என்று அவளுக்குத் தெரியும், அவளே அனுபவித்தவை. எப்போதும் நிதானமாக இருக்கும் விரோன்ஸ்கியின் முகத்தில் அன்று பணிவும் அச்சமும். கணக்கு நேராக இருக்கிறது, கூட்டிய வேகம்தான் தெரியவில்லை. ஜேன் ஆஸ்டினின் எம்மாவுக்கு, தான் நைட்லியைக் காதலிக்கும் உண்மை அம்புபோலப் பாய்ந்ததும் இப்படித்தான். முந்தைய அத்தியாயங்களில் அவர்மேல் அவளுக்கு வந்த எரிச்சல்களைப் பொறுக்கி எடுத்தால் அம்பு எங்கிருந்து கிளம்பியது என்று தெரியும்.

அதிகம் சறுக்கும் இடம் ரயில் நிலையக் காட்சி. பீட்டர்ஸ்பர்க்கில் இறங்கிய அன்னாவுக்குக் கணவனின் காதுகள் திடீரென்று கண்ணை உறுத்துகின்றன. இவ்வளவு காலம் பக்கத்திலேயே இருந்த காதுகள். கணவனிடம் தனக்குள்ள உறவில் ஒரு பாசாங்கு எப்போதும் இருந்ததென்றும், அதை இப்போதுதான் கவனிக்கிறாள் என்றும் டால்ஸ்டாய் சில வரிகள் கழித்துச் சொல்லிவிடுகிறார். தேர்வுத்தாளில் பாசாங்கு முதலில் வரும், காது அதற்கு உதாரணமாகச் சுருங்கும். வரிசையை மாற்றாமல் எழுதச் சொல்லுங்கள். விளக்க வரிகளை மறைத்துக்கொண்டு, காதுகளோடு நிறுத்திவிட்டு என்ன புரிகிறது என்று கேளுங்கள். பாதி வகுப்பு அங்கேயே கண்டுபிடித்துவிடும்.