டிடி 120 இங்கிள்நூக்: ஷண்டர் இப்போது பாயிண்ட்டில் நிற்பதில்லை

என் டிடி 120 மாடல் ரயில் தடத்தில் (நிஜத்தில் 120-ல் ஒரு பங்கு அளவு) நேற்று ராத்திரி 08 ஷண்டர், அதாவது வேகன்களை இழுத்துத் தள்ளி வரிசைப்படுத்தும் பிரிட்டிஷ் டீசல் இன்ஜின், மூன்று காலி வேகன்களைத் தள்ளிக்கொண்டு, தடம் பிரியும் இரண்டு பாயிண்ட்டுகளையும் தாண்டி, கடைசிக் கிளைத்தடத்தின் முட்டு வரை நிற்காமல் போய்ச் சேர்ந்தது. எந்த வேகத்தில் போனது என்பதுதான் முக்கியம். 30 செ.மீ. அளவுகோலின் நீளத்தைக் கடக்க 26 விநாடி ஆனது. நிஜ ரயிலுக்கு அது மணிக்கு 5 கி.மீ., அதாவது ஷண்டிங் ஆள் பக்கத்திலேயே நடந்து வரும் வேகம். வேகமாக விட்டால் எந்த இன்ஜினும் எந்தப் பாயிண்ட்டையும் தாண்டிவிடும், ஓடி வந்த வேகமே இழுத்துக்கொண்டு போய்விடும். ஊர்ந்து தாண்டுவதுதான் சோதனை. ஷண்டிங் வேண்டுமென்றால் இதைவிடப் பெரிய ஓஓ அளவுக்கு (1:76.2) போ, இவ்வளவு சின்ன அளவில் சரிப்படாது என்று பலர் சொன்னார்கள். சரிப்படுகிறது. எப்படிச் சரிப்பட்டது என்பதை முழுசாக எழுதிவிடுகிறேன்.

அமைப்பு இங்கிள்நூக், அதாவது எட்டு வேகன்களை மூன்று தடங்களில் மாற்றி மாற்றி நிறுத்தி, அதில் ஐந்தைச் சொன்ன வரிசையில் கோக்கும் ஷண்டிங் புதிர். ஆலன் ரைட் வகுத்த அதே 5-3-3 தான் (ஒவ்வொரு தடத்திலும் நிற்கும் வேகன்களின் எண்ணிக்கை), எதையும் மாற்றவில்லை. 16 டன் நிலக்கரி வேகன் டிடி 120-ல் பஃபர் முனையிலிருந்து பஃபர் முனை வரை 5 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. கொக்கிக்கான இடைவெளியையும் சேர்த்தால் ஐந்து வேகன் தடம் 27, 28 செ.மீ.யில் முடிகிறது. மொத்தமும் ஒரு மீட்டர் பலகைக்குள் அடங்கி, ஓரத்தில் இடமும் மிச்சம். இதையே ஓஓ-வில் போட்டால் ஒன்றரை மடங்குக்கு மேல் நீளும். எட்டு வேகனில் ஐந்தை வரிசையாகக் கோக்க 6,720 விதம் உண்டு. அவ்வளவு விளையாட்டு ஒரு புத்தகத் தட்டில் அடங்குகிறது என்பதுதான் என்னை இந்த அளவுக்கு இழுத்தது.

இன்னொரு காரணமும் உண்டு. 2022 அக்டோபரில் பிரிட்டிஷ் மாடல் ரயில் கம்பெனி ஹார்ன்பி இந்த அளவை அறிவித்தபோது, ஓஓ-வுக்கும் இதைவிடச் சின்ன என் (N) அளவுக்கும் நடுவில் இன்னொன்று எதற்கு என்ற கேள்விதான் முதலில் வந்தது. மாடல் தண்டவாளம் செய்யும் பீகோ அதற்குச் சில மாதம் முன்பே டிடி 120 தண்டவாளத்தோடு இறங்கியிருந்தது. என்னைக் கேட்டால், அந்த வெளியீட்டில் எடுத்த மிக நல்ல முடிவு 1:120-ஐப் பிடித்துக்கொண்டதுதான். பிரிட்டனில் 1957-ல் டிரை-ஆங் கொண்டுவந்த பழைய டிடி அடிக்கு 3 மி.மீ. என்ற கணக்கு, அதாவது 1:101.6. ஆனால் இரண்டு தண்டவாளத்துக்கும் இடையிலான அகலம் அன்றும் 12 மி.மீ. தான். பெருக்கிப் பார்த்தால் 1,219 மி.மீ. வரும். நிஜ அகலமோ 1,435. பெட்டி அகலமாகவும் அடியில் தடம் ஒடுங்கியும் தெரியும். ஓஓ-வுக்கும் இதே குறைதான், 16.5-ஐ 76.2-ஆல் பெருக்கினால் 1,257. டிடி 120-ல் 12-ஐ 120-ஆல் பெருக்கினால் 1,440. நிஜத்துக்கும் இதற்கும் 5 மி.மீ. வித்தியாசம். தடத்தின் முனையில் கண்ணை வைத்து இன்ஜினை நேருக்கு நேர் பார்க்கும்போது அந்த அகலம் எவ்வளவு பொருத்தமாக நிற்கிறது என்பது ஓஓ-விலிருந்து வந்தவர்களுக்கு உடனே தெரியும். கிழக்கு ஜெர்மனியில் 1950-களின் கடைசியில் தொடங்கிய இதே 1:120 தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது, இன்று ஜெர்மன் கம்பெனி டில்லிக் அந்த வழியில் வருகிறது. அதனால் புது அளவு என்றாலும் ஐரோப்பியச் சரக்கு ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

சரி, ஷண்டருக்கு வருகிறேன்.

சின்ன அளவில் சண்டை எடையோடுதான். நீளம் 120-ல் ஒரு பங்கு ஆகும்போது எடை அதன் முப்படியில் ஒரு பங்கு, அதாவது 17,28,000-ல் ஒன்று ஆகிறது. நிஜ 08 ஏறத்தாழ 50 டன். கணக்குப்படி மாடல் 29 கிராம்தான் இருக்க வேண்டும். அதே இன்ஜின் ஓஓ கணக்கில் 113 கிராம். உலோகச் சட்டகம் வைத்து மாடலைக் கணக்கைவிடக் கனமாகத்தான் செய்வார்கள், ஆனாலும் விகிதம் மாறாது. தண்டவாளத்தைச் சக்கரம் அழுத்தும் அழுத்தம் நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆனால் தூசி 1:120-ல் சுருங்கி வருவதில்லை. ஓஓ சக்கரம் நசுக்கிக்கொண்டு போகும் ஒரு துளி அழுக்கு இங்கே சக்கரத்தைத் தூக்கி மின்தொடர்பைத் துண்டித்துவிடும்.

அதோடு 08-ன் சக்கர இடைவெளியையும் பாருங்கள். முதல் சக்கரத்திலிருந்து கடைசிச் சக்கரம் வரை நிஜத்தில் 11 அடி 6 அங்குலம், மாடலில் 29 மி.மீ. அதற்குள் பக்கத்துக்கு மூன்று சக்கரம். தடம் இம்மியளவு முறுக்கிக்கொண்டிருந்தாலும் அதில் ஒன்று காற்றில் நிற்கும். மீதி இரண்டில் ஒன்று பாயிண்ட்டின் ஃப்ராக் மேல், அதாவது இரண்டு தடத்தின் தண்டவாளங்கள் குறுக்கிடும் முனை மேல், இருக்கும். ஃப்ராக்கில் மின்சாரம் இல்லையென்றால் இன்ஜின் ஓடுவது ஒரே ஒரு சக்கரத்தின் தயவில். அந்தச் சக்கரத்தின் அடியில் தூசி இருந்தால் கதை முடிந்தது. இதைப் புரிந்துகொண்ட பிறகு இன்ஜினை நோண்டுவதை விட்டுவிட்டேன். வேலை முழுக்கத் தண்டவாளத்தில்தான்.

நான் வைத்த விதி இதுதான். இணைப்புத் தகடு தண்டவாளத்தை நேராகப் பிடிக்க மட்டும், மின்சாரத்துக்கு அதை நம்பவே கூடாது. எவ்வளவு சின்னத் துண்டானாலும் ஒவ்வொரு துண்டுக்கும் தனி டிராப்பர் ஒயர், அதாவது பலகைக்கு அடியிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் ஒயர். பாயிண்ட்டின் உள்பக்கத் துண்டுகளுக்கும் உண்டு.

சொல்வது சுலபம். கோடு 55 தண்டவாளத்தின் உயரம் அங்குலத்தில் ஆயிரத்தில் 55 பங்கு, அதாவது 1.4 மி.மீ. அதில் பக்கவாட்டில் ஒயர் வைத்துச் சால்டர் செய்ய வேண்டும், அதுவும் ஸ்லீப்பரின் (தண்டவாளத்துக்கு அடியில் உள்ள குறுக்குக் கட்டையின்) பிளாஸ்டிக் பிடிகள் உருகாமல். உருகினால் தண்டவாளம் ஒரு மயிரிழை நகரும், 12 மி.மீ. அகலத்தில் அதுவே போதும் வேகன் தடம் புரள. எல்லோரும் இதற்குச் சால்டரிங் அயர்னில் ஊசி முனை போடுவார்கள். என் அனுபவத்தில் அது தலைகீழ். ஊசி முனையில் சூடு தங்குவதில்லை, தண்டவாளத்தில் வைத்தவுடன் ஆறிவிடும். ஈயம் ஓடுவதற்குள் நாலைந்து விநாடி பிடித்துக்கொண்டிருப்போம், அந்த நேரத்தில்தான் பிளாஸ்டிக் போகிறது. நான் 3 மி.மீ. உளி முனை போட்டு 370 டிகிரியில் வைக்கிறேன். சூடு அதிகம், நேரம் குறைவு, ஒரு விநாடிக்குள் வேலை முடிந்துவிடும். தண்டவாளம் நிக்கல் சில்வர் என்பதும் நமக்குச் சாதகம். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது தாமிரம், நிக்கல், துத்தநாகம். தாமிரத்தோடு ஒப்பிட்டால் இந்தக் கலவை சூட்டை மிகக் குறைவாகக் கடத்தும். அதனால் தொட்ட இடம் சட்டென்று சூடாகும், அடுத்த ஸ்லீப்பருக்குச் சூடு போக நேரமெடுக்கும்.

வரிசை இப்படி: தண்டவாளத்தின் வெளிப்பக்கம், இரண்டு ஸ்லீப்பருக்கு நடுவே, ஃபைபர்கிளாஸ் பேனாவால் பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஈயம் நன்றாக ஒட்டுவதற்கு ஒரு சொட்டு ஃபிளக்ஸ். அங்கே மெல்லிய ஈயப் பூச்சு. ஒயர் முனையை எல் வடிவில் மடித்து அதற்கும் ஈயம் பூசி, பலகையில் போட்ட துளை வழியே மேலே கொண்டுவந்து தண்டவாளத்தோடு ஒட்டிப் பிடித்து, ஒரே ஒரு தொடுதல். ஈயம் மினுங்கி ஓடுவது கண்ணுக்குத் தெரியும், அந்தக் கணமே முனையை எடுத்துவிட வேண்டும். இருபுறமும் ஸ்லீப்பர் மேல் ஈரத் துணித் துண்டு. 63/37 (வெள்ளீயம் 63, ஈயம் 37) கம்பிதான் இதற்கு நல்லது, 183 டிகிரியில் நேரடியாக உருகி நேரடியாக உறையும், நடுவில் களிம்பு நிலை கிடையாது. அதனால் உறையும்போது ஒயர் லேசாக ஆடி இணைப்பு கெடும் வாய்ப்பு குறைவு. அமில ஃபிளக்ஸ் போட்டால் அன்றைக்கே கழுவிவிடுங்கள், இல்லையென்றால் சில வாரத்தில் பச்சை பூக்கும். எல்லாம் முடிந்ததும் தண்டவாள உள்விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்க்கிறேன். எங்கேயாவது தட்டினால் அங்கே ஈயம் உள்ளே கசிந்திருக்கிறது என்று அர்த்தம், அரத்தால் ஒரு இழுப்பு.

அடுத்தது ஃப்ராக். பீகோவின் யூனிஃப்ராக் பாயிண்ட்டில் ஃப்ராக் தனியாகப் பிரிக்கப்பட்டு, அடியில் ஒரு ஒயரோடு வருகிறது. ஒயரை அப்படியே விட்டாலும் பெரிய இன்ஜின்கள் தாண்டிவிடும், செத்த பகுதி அவ்வளவு சின்னது. அதனால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆறு சக்கர ஷண்டரை ஊர்ந்து ஓட்ட நினைப்பவர்கள் விடக்கூடாது. நான் அடியில் சர்வோ என்ற சின்ன மோட்டார் வைத்து, அதன் கையே ஒரு மைக்ரோ ஸ்விட்ச்சை அழுத்தும்படி செய்திருக்கிறேன். பாயிண்ட்டின் நகரும் தண்டவாளமான நாக்கு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து மின்முனை ஃப்ராக்குக்கு வரும். பாயிண்ட்டில் உள்ள சின்னச் சுருள்வில்லை எடுத்துவிட்டேன், அது இருந்தால் சர்வோ அதோடு மல்லுக்கட்டி உறுமிக்கொண்டே இருக்கும். சர்வோவின் வேகத்தையும் நன்றாகக் குறைத்தாயிற்று. நாக்கு மெதுவாக நகர்ந்து போய் ஒட்டுவதைப் பார்ப்பதே ஒரு சுகம்.

இந்த இடத்தில் சப்ளையர் புலம்பல் ஒன்று. கோடு 55-க்கான இணைப்புத் தகடு கேட்டிருந்தேன். வந்த பொட்டலத்தில் இருந்தது கோடு 80-க்கானது. லேபிளில் மட்டும் 55. போட்டுப் பார்த்தால் தண்டவாளம் தகட்டுக்குள் லொடலொடவென்று ஆடுகிறது. மாற்றித் தந்தார்கள், அதுவும் கோடு 80. மூன்றாவது பொட்டலத்தை வேறிடத்தில் வாங்கினேன். புது அளவு என்பதால் விற்பவர்களுக்கே எது எதற்கு என்று இன்னும் பழகவில்லை. வாங்குபவர்கள் வெர்னியரால் அளந்து பார்த்துக்கொள்வது நல்லது.

வேகன்களுக்கும் கொஞ்சம் வேலை இருந்தது. நிஜ வேகன் காலியாக ஏறத்தாழ 7 டன், கணக்குப்படி மாடலுக்கு 4 கிராம். அந்த எடையில் தள்ளினால் பாயிண்ட்டில் துள்ளிக் குதிக்கும். டங்ஸ்டன் துண்டுகளை அடித்தளத்தில் ஒட்டிக் கனமாக்கினேன். ஈயத்தைவிட டங்ஸ்டன் அடர்த்தி ஒன்றரை மடங்குக்கு மேல், அதனால் வெளியே தெரியாமல் ஒளித்துவிடலாம். கனமான வேகனைத் தள்ளும்போது இன்ஜினும் ஒரே சீராக நகர்கிறது, முன்னும் பின்னும் உதறுவது போயே போய்விட்டது.

அடுத்த வேலை ஜல்லி போடுவது. அதுதான் முறை. ஆனால் கை அங்கே போக மாட்டேன் என்கிறது, ஏனென்றால் கொக்கி விஷயம் மண்டையைக் குடைகிறது. இங்கிள்நூக்கில் பாதி விளையாட்டே வேகனைக் கழற்றுவதுதான், ஒவ்வொரு தடவையும் மேலிருந்து குச்சியை விட்டு நெம்பினால் அந்த ஊரும் வேகத்துக்கே அர்த்தம் இல்லாமல் போகிறது. கொக்கியைச் செருகி எடுக்கும் பொதுத்தர என்ஈஎம் பாக்கெட் இருப்பதால் கொக்கியை மாற்றுவது நொடி வேலை. காந்தத்தால் தானாக விடுபடும் என் (N) அளவுக் கொக்கிகள் சிலவற்றைப் போட்டுப் பார்க்கிறேன். காந்தத்தை ஸ்லீப்பருக்கு அடியில் புதைக்க வேண்டியிருக்கும், அதனால் இதை முடிக்காமல் ஜல்லியைத் தொடவே முடியாது. இதைச் சொல்லித்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதற்கிடையில் ரயில் செட்டோடு வந்த வளைவுத் தண்டவாளங்களைத் தரையில் விரித்துப் பார்த்தேன். 310 மி.மீ., 353 மி.மீ. ஆரத்தில் இரட்டை வளையம், நடுவே 43 மி.மீ. இடைவெளி. 64 அடிப் பெட்டி இந்த அளவில் 16 செ.மீ.தான், ஆறு பெட்டி கோத்தால் ஒரு மீட்டர். இங்கிள்நூக்கை அந்த வளையத்தோடு ஒட்ட ஆசை. சிக்கல் என்னவென்றால் செட் தண்டவாளம் கோடு 80, உயரம் 2.03 மி.மீ., என்னுடையது 1.4. அந்த 0.6 மி.மீ. படியில் 08 ஏறாது. தகட்டின் பாதியைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கி, அதன் மேல் 55-ஐ உட்காரவைத்துச் சால்டர் செய்தால் மேல்மட்டம் ஒன்றாகிவிடும். ஒரு மிச்சத் துண்டில் செய்து பார்த்திருக்கிறேன், நகம் எங்கும் தட்டவில்லை. வளைவில் எப்படி நிற்கும் என்று பார்த்துவிட்டு அடுத்த பதிவில் படத்தோடு போடுகிறேன்.