நேய்க்கு இறங்கி வந்த சுருதி

ஜெர்மனியில், ரைன் நதியோரத்து நகரம் ஒன்றின் சிறிய இசைக்குழுவில் நோட்டுத்தாள்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வில்லை எங்கே மேலே தள்ள வேண்டும், எங்கே கீழே இழுக்க வேண்டும் என்று முதல் வயலின்காரர் போட்ட குறிகளை மற்ற தாள்களில் பென்சிலால் படியெடுக்க வேண்டும். கச்சேரி முடிந்ததும் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். பாதி வேலை பென்சில், மீதி ரப்பர்.

அப்படி ஒரு நாள் மேசைக்கு வந்ததுதான் ஹொசேன் அலிஸாதேயின் ‘நேய்நவா’. நேய் என்பது ஈரானிய நாணல் குழல். ‘நெய்’ என்று எழுதினால் தோசைக்கு ஊற்றுவதாகிவிடும் என்பதால் இழுத்தே எழுதுகிறேன். நவா என்பது பாரசீக மரபிசையின் ஏழு தஸ்த்கா முறைகளில் ஒன்று. 1951-இல் தெஹ்ரானில் பிறந்த அலிஸாதே, தார், ஸேதார் என்ற இரண்டு ஈரானியத் தந்தி வாத்தியங்களிலும் பெரிய கை. நூர்அலி பொரூமந்த் போன்ற ஆசான்களிடம் மரபைக் கற்றவர், பிறகு பெர்லினிலும் படித்தார். நேய்க்கும் தந்தி வாத்தியக் குழுவுக்குமாக இதை அவர் எழுதியது 1983-இல். ஈராக்குடன் போர் நடந்துகொண்டிருந்த காலம். முதல் ஒலிப்பதிவில் நேய் வாசித்தவர் ஜம்ஷித் அந்தலீபி.

எங்களுக்கு நேய் வாசிக்க வந்தவர் ஈரானின் இஸ்ஃபஹான் நகரத்துக்காரர். தோளில் ஒரு நீளப் பை, அதற்குள் ஆறேழு குழல்கள். ஒன்றை எடுத்துக் காட்டினார். ஏழு கண்டங்கள் கொண்ட நாணல். முன்பக்கம் ஐந்து துளை, பின்பக்கம் கட்டைவிரலுக்கு ஒன்று, வாய் வைக்கும் முனையில் பித்தளை வளையம். அந்த முனையை உதட்டில் வைக்கவில்லை, மேல்பல் இடுக்கில் செருகிக்கொண்டு நாக்கால் காற்றைத் திருப்பினார். முதலில் வந்தது சுரமே இல்லை, வெறும் மூச்சு. அப்புறம்தான் மூச்சுக்குள்ளிருந்து சுரம் எழுந்தது. சின்ன வயதில் ஊர்த் தொலைக்காட்சியில் இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தாராம், ஆனால் கண்ணால் பார்த்ததில்லை. அரசுத் தொலைக்காட்சி வாத்தியங்களைக் காட்டாது. குழல் ஒலிக்கும்போது திரையில் அருவியோ ரோஜாப்பூவோ ஓடிக்கொண்டிருக்குமாம்.

முதல் ஒத்திகை கெட்டுப்போனது. எல்லோரும் சுருதி சேர்க்கும் ‘அ’ (A) சுரத்தை எங்கள் குழு 443 ஹெர்ட்ஸில் வைப்பது வழக்கம். அவர் குழல் 440-க்கு வெட்டியது. வித்தியாசம் கிட்டத்தட்ட 12 செண்ட்தான் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு செண்ட்), ஆனால் நீண்ட சுரங்கள் சேரும் இடத்தில் ஒலி தண்ணீரில் விழுந்த நிழல் மாதிரி நடுங்கியது. தந்தியை முறுக்கலாம், தளர்த்தலாம். நாணலை என்ன செய்வது? முனையைச் சற்றே சாய்த்து ஊதி ஏற்றப் பார்த்தார், ஒலியின் கனம் போய்விட்டது. இதை முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டியவன் நான். மேடை ஓரத்தில் நின்றுகொண்டு ரப்பரை உருட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் முதல் வயலின்காரர் எழுந்து, “சரி, நீங்கள் ஒரு சுரம் கொடுங்கள்” என்றார். அத்தனை தந்திகளும் நேய்க்கு இறங்கி வந்தன.

அதன் பிறகுதான் அந்தப் படைப்பு என் காதில் சரியாக விழுந்தது. கிழக்கத்திய மெட்டுக்கு அடியில் மேற்கத்திய சுரக்கூட்டுகளை (chord) வரிசையாக அடுக்கிவிட்டு ‘சங்கமம்’ என்று பெயர் சூட்டும் தாள்கள் என் மேசைக்கு நிறைய வருகின்றன. அவற்றில் மரபு வாத்தியக்காரர் விருந்தாளி மாதிரி, பிறர் வீட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார். இங்கே வீடு நேயினுடையது. அது தாளக்கட்டு இல்லாமல் பேசும்போது தந்திகள் பொறுத்திருக்கின்றன. கடைசிப் பகுதியான ‘ரக்ஸே சமா’வில், ஸூஃபிகளின் சுழல் நடனத்தை நினைத்து எழுதியதில், எல்லோரும் சேர்ந்துகொள்கிறார்கள்.

ரசிகர்கள் விடாவிட்டால் வாசிக்க என்று நேய்க்காரர் ஷூர் என்ற இன்னொரு தஸ்த்காவில் ஒரு சிறு உருப்படியைத் தந்திகளுக்கு ஒழுங்குபடுத்திக் கொண்டுவந்திருந்தார். அதைக் கணினியில் ஏற்றியது நான். ஷூரின் இரண்டாவது சுரத்துக்குக் ‘கொரோன்’ குறி வேண்டும், ஒரு கோட்டில் முக்கோணத் தலை வைத்த மாதிரி இருக்கும். ஐரோப்பாவில் படித்துத் திரும்பிய ஈரானிய இசைக்கலைஞர் அலிநகி வஸீரி, 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் உருவாக்கிய குறி அது. சுரத்தைச் சுமார் கால் சுரம் இறக்கு என்று பொருள். அந்த ‘சுமார்’தான் வம்பு. வஸீரி ஸ்தாயியை 24 சம பங்காக வெட்டினார், மென்பொருளும் அதையே பிடித்துக்கொண்டு முதல் சுரத்துக்கும் இரண்டாவதற்கும் உள்ள இடைவெளியை 150 செண்டாக வாசித்தது. பழகுவதற்கு என்று அந்த ஒலிக்கோப்பை எல்லோருக்கும் அனுப்பியும் வைத்தேன். வாசித்துக் காட்டப்படும் ஷூரில் அந்த இடைவெளி 135 செண்ட் பக்கம் என்கிறது ஈரானிய இசையறிஞர் ஹோர்மோஸ் ஃபர்ஹத்தின் ஆய்வு. அதுவும் நிலையில்லாதது, கைக்குக் கை மாறும். வயலின்காரர்கள் என் கோப்பைக் கேட்டு ஒழுங்காகப் பழகி, ஒழுங்காகத் தப்பு வாசித்தார்கள். போதாக்குறைக்கு அது ‘ஈ’ (E) கொரோன். திறந்த ‘ஈ’ தந்திக்கும் கீழே இருக்கும் சுரம், பக்கத்துத் தந்தியில் சுண்டுவிரலைப் பின்னுக்கு இழுத்துத்தான் பிடிக்க வேண்டும்.

எத்தனை செண்ட் இறக்க வேண்டும் என்று இரண்டாம் வயலினில் ஒரு பெண்மணி கேட்டார். எண் எதுவும் சொல்லாமல் நேய்க்காரர் அந்த ஒரு சுரத்தை மட்டும் நாலைந்து முறை ஊதினார். ஒவ்வொரு முறையும் அது ஏறும்போது ஒரு இடத்திலும் இறங்கும்போது இன்னொரு இடத்திலும் நின்றது. வீட்டில் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த எனக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. இருந்தும் கோப்பை அனுப்பியவன் நானேதான்.

கச்சேரி முடிந்த மறுநாள் தாள்களைச் சேகரித்தேன். வாத்தியக்காரர்கள் ‘நடத்துநரைப் பார்’ என்பதற்கு மூக்குக்கண்ணாடி வரைவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். இரண்டாம் வயலின் தாளில் ஒவ்வொரு கொரோனுக்கு மேலும் குட்டியாக ஒரு காது வரைந்திருந்தது. ‘நேய்நவா’ படிகள் வெளியிலிருந்து தருவித்தவை, திருப்பி அனுப்ப வேண்டும் என்பதால் வரி வரியாக அழித்தேன். ஷூர் உருப்படியின் தாள்கள் எங்களுடையவை. காதுகளை அப்படியே விட்டு உறையில் போட்டு, மேலே “சுருதி: நேயைக் கேட்கவும்” என்று எழுதி அலமாரியில் வைத்தேன். மையால்.