கோச் வைத்து குரூப் 4 படித்தேன்

டிஎன்பிஎஸ்சி நடத்தும் குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குத் தனியாக ஒரு கோச் வைத்துப் படித்தேன் என்றால் சிரிக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தரத் தேர்வுக்கு எதற்கு இந்தச் செலவு என்று. எனக்குப் பாடம் பிரச்சினையே இல்லை. பகலெல்லாம் கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு, யூகேஜி படிக்கிற பையனையும் பார்த்துக்கொண்டு எப்போது உட்காருவது, எதைப் படிப்பது என்பதுதான் பிரச்சினை. அதற்காகத்தான் பணம் கொடுத்தேன்.

முதல் வாரம் கோச் சார் புத்தகத்தையே தொடவிடவில்லை. எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அரைமணிக்கு ஒருதரம் என்ன செய்தேன் என்று எழுதி அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு, வீட்டுக்காரரிடம் போனைக் கொடுங்கள் என்றார். "ராத்திரி எட்டரையிலிருந்து பத்து வரைக்கும் பையன் உங்க பொறுப்பு. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, மேடம் காசு வீணாக வேண்டாம்." நான் கேட்டிருந்தால் சண்டையாகியிருக்கும். வெளியாள் கேட்டதும் "சரிங்க சார்" என்றார். கோச்சுக்குக் கொடுத்த காசில் பாதி அந்த ஒரு போனுக்கே சரியாகிவிட்டது என்பேன்.

தேர்வில் 200 கேள்விகள். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. பயத்தில் எல்லோரும் நடப்பு நிகழ்வுகளில் போய் விழுவார்கள். சார் விடவில்லை. ஆறிலிருந்து பத்து வரைக்கும் தமிழ்ப் பாடநூல், தனிவட்டி, கூட்டுவட்டி, நேரம்-வேலை. இவை கைக்கு வந்த பிறகு மற்றதைப் பேசலாம் என்றார். கைடுகளெல்லாம் பரணுக்குப் போயின.

ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு. அப்புறம் தப்பு நோட்டு. ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் 'தெரியாது', 'மறந்தது', 'சரியாகப் படிக்கவில்லை' என்று மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். நாலடியார், ஏலாதி, திரிகடுகம், கார் நாற்பது. இவற்றில் அறநூல் அல்லாதது எது? கார் நாற்பது அகநூல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் 'அல்லாதது' கண்ணில் படாமல் நாலடியாரைக் கருப்படித்திருந்தேன். மூன்றாவது வகையில்தான் என் நோட்டு நிரம்பியது. அதன்பிறகு 'அல்லாத', 'பொருந்தாத', 'தவறான' எங்கே வந்தாலும் அடிக்கோடிட்ட பிறகுதான் விடையையே பார்ப்பேன்.

விடைக்கான வட்டத்தைக் கருப்படிக்கும் ஓஎம்ஆர் தாளையும் அச்செடுத்துப் பழகவைத்தார். விடை தெரியாவிட்டால் ஐந்தாவது வட்டமான ஆங்கில 'E'-யைக் கருப்படிக்க வேண்டும். ஐந்தையும் தொடாமல் விட்டால் 2 மதிப்பெண் போச்சு. நான் எழுதியபோது கடைசியில் ஏ எத்தனை, பி எத்தனை என்று எண்ணி எழுதவும் வேண்டியிருந்தது. வீட்டில் பழகாதவர்களுக்கு அங்கே கை நடுங்கும்.

படிப்பு ஒரு பக்கம் நடக்கும்போதே தமிழ்வழிச் சான்றுக்கும் விரட்டினார். தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று வேண்டும். எனக்குத் தொடக்கப் பள்ளி ஓர் ஊர், உயர்நிலைப் பள்ளி வேறு ஊர். கலந்தாய்வு நேரத்தில் அலைந்திருந்தால் அழுதிருப்பேன்.

பிடிக்காதது ஒன்று உண்டு. விடியற்காலை நாலு மணிக்கு "எழுந்துட்டீங்களா சிங்கம்?" என்று ஆடியோ அனுப்புவார். நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்.

தானாக அட்டவணை போட்டு அதன்படி உட்காரத் தெரிந்தவர்களுக்கு கோச் தேவையில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பே நடக்கிறது, அங்கே போகலாம்.

இளநிலை உதவியாளராகச் சேர்ந்துவிட்டேன். இப்போது குரூப் 2. அதன் முதன்மைத் தேர்வில் விரிவாக எழுத வேண்டும், அது தனக்கு வராது என்று சாரே சொல்லிவிட்டார். விடைத்தாள் திருத்தித் தர வேறு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.